உள்ளே போன மருந்து அங்கே ஏன் தங்க வேண்டும்?

மருந்தைச் சுமந்து செல்லும் நுண்ணிய கொழுப்புக் கூடான லிப்போசோம் பற்றி எந்தப் பாடநூலைத் திறந்தாலும் அதே படம்தான். வட்டமாக ஒரு ஈரடுக்குச் சவ்வு, நடுவில் கொஞ்சம் நீர். கொழுப்பில் கரையும் மருந்து சவ்வுக்குள் என்று ஓர் அம்புக்குறி, நீரில் கரையும் மருந்து நடுவிலுள்ள நீரில் என்று இன்னோர் அம்புக்குறி. படத்தில் பிழை இல்லை. ஆனால் அந்த இரண்டாவது அம்புக்குறிக்குப் பின்னால் பல பத்தாண்டு உழைப்பு கிடக்கிறது. மருந்தாக்கவியல் சொல்லித்தரும் எனக்கு, அந்த உழைப்பைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டிவிட்டு நகர மனம் வருவதில்லை.

நீரில் நன்றாகக் கரையும் ஒரு சிறிய மூலக்கூறை நரம்பில் ஏற்றினால் என்ன ஆகும்? பெரும்பாலும் சிறுநீரகம் அதைச் சீக்கிரம் வெளியே தள்ளிவிடும். அல்லது போகக் கூடாத திசுவுக்கெல்லாம் பரவிப் போகும். டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து இதயத் தசையைக் கெடுப்பது இந்த இரண்டாவது வகைத் தொல்லை. மருந்தை 100 நானோமீட்டர் அளவுள்ள ஒரு கொழுப்புக் கூட்டுக்குள் வைத்து அனுப்பினால், அது எங்கே போகும், எவ்வளவு நேரம் இரத்தத்தில் இருக்கும் என்பதை மருந்து தீர்மானிக்காது, கூடு தீர்மானிக்கும். ஆசை நியாயமானது. தடை, கூட்டுக்குள் இருக்கும் இடத்தின் அளவில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 நானோமீட்டர் விட்டமுள்ள, ஒரே சவ்வு கொண்ட லிப்போசோம் ஒன்றில் ஏறத்தாழ ஒரு லட்சம் கொழுப்பு மூலக்கூறுகள் இருக்கும். சவ்வின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். உள்ளே மிஞ்சும் நீரின் கன அளவைக் கணக்கிட்டால், ஒரு மைக்ரோமோல் கொழுப்புக்குச் சுமார் 2 மைக்ரோலிட்டர் வருகிறது. ஆய்வகத்தில் சாதாரணமாக எடுக்கும் 10 மில்லிமோலார் கொழுப்பில் இது மொத்தக் கரைசலில் 2 சதவீதம். மீதி 98 சதவீத நீர் கூட்டுக்கு வெளியே இருக்கிறது. மருந்துக்குச் சவ்வின் மேல் எந்த ஒட்டுதலும் இல்லையென்றால், அது இருக்கும் நீரின் விகிதப்படியே பங்கு பிரியும். நூறு ரூபாய் மருந்தைக் கரைத்தால் இரண்டு ரூபாய் உள்ளே, தொண்ணூற்றெட்டு ரூபாய் வெளியே.

இந்தக் கணக்கில் மருந்தின் செறிவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்தை இரண்டு மடங்கு போட்டாலும் பத்து மடங்கு போட்டாலும் உள்ளே போகும் சதவீதம் அதேதான். அதைக் கூட்ட வேண்டுமானால் கொழுப்பைக் கூட்ட வேண்டும், அல்லது கூட்டைப் பெரிதாக்க வேண்டும். கொழுப்பைக் கூட்டிக்கொண்டே போனால் கரைசல் கூழாகி, வடிகட்டியில் இறங்காது. கூட்டைப் பெரிதாக்கினால் கல்லீரலும் மண்ணீரலும் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் ஓர் ஆய்வறிக்கையில் "ஏற்றத் திறன் 85 சதவீதம்", அதாவது போட்ட மருந்தில் 85 சதவீதம் கூட்டுக்குள் போனது என்று பார்த்தால் நான் முதலில் கொழுப்பின் செறிவைத் தேடுகிறேன். சவ்வில் ஒட்டாத சிறிய மூலக்கூறு, 100 நானோமீட்டர் கூடு, 10 மில்லிமோலார் கொழுப்பு, கொழுப்பை மருந்துக் கரைசலில் ஊறவைக்கும் எளிய முறை. இந்த நான்கும் சேர்ந்தால் 85 வர வழியில்லை. வந்தால் அளவீட்டில் எங்கோ கோளாறு. ஒருமுறை ஒரு மாணவி, நீரில் அருமையாகக் கரையும் ஓர் ஆன்டிபயாடிக்கை வைத்துக்கொண்டு, "மேடம், எண்பதுக்கு மேல வந்திருக்கு" என்று மகிழ்ச்சியோடு வந்தாள். மையவிலக்கு வடிகட்டியில் ஓட்டி, கீழே இறங்கிய மருந்தை அளந்து, இறங்காததெல்லாம் லிப்போசோமுக்குள் இருக்கிறது என்று கணக்கிட்டிருந்தாள். "லிப்போசோமே இல்லாமல் மருந்துக் கரைசலை மட்டும் அதே வடிகட்டியில ஓட்டிப் பாரும்மா" என்றேன். மறுநாள் வந்து நின்றாள். வெறும் கரைசலிலும் பெரும்பகுதி கீழே இறங்கவில்லை, வடிகட்டியின் சவ்வே மருந்தைப் பிடித்து வைத்திருந்தது. அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் வெளியாகும் கட்டுரைகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அந்த எண்ணை நம்பி இன்னொருவர் தன் ஆய்வைத் தொடங்குவார் அல்லவா?

சதவீதத்தைவிட நான் மதிக்கும் எண், ஒரு மில்லிகிராம் கொழுப்புக்கு எத்தனை மில்லிகிராம் மருந்து என்பது. நோயாளியின் உடலுக்குள் போவது மருந்து மட்டுமல்ல, அதோடு சேர்ந்த கொழுப்பு முழுவதும்தான். வெளியே தங்கிய மருந்தை டயாலிசிஸ் செய்தோ ஜெல் பத்தியில் ஓட்டியோ நீக்கிவிடலாம், ஓரளவு மீட்கவும் செய்யலாம். உள்ளே மருந்து குறைவாக இருக்கிற கூட்டை மட்டும் எதுவும் செய்ய முடியாது.

லிப்போசோமின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வி இருந்தது. 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில் இருந்த ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்காம், செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பு வகையான பாஸ்போலிப்பிடுகளை நீரில் ஊறவைத்தால் அவை தாமாகவே மூடிய கூடுகளாகச் சுருண்டுகொள்வதைக் கண்டார். 1965இல் அவர் ஸ்டாண்டிஷ், வாட்கின்ஸ் ஆகியோருடன் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை மருந்து பற்றியதே அல்ல. உள்ளே சிக்கிய சோடியம், பொட்டாசியம் போன்ற அயனிகள் எவ்வளவு வேகத்தில் வெளியே கசிகின்றன என்பதைப் பற்றியது. மின்னூட்டம் உள்ள சிறிய அயனிக்கு இந்தச் சவ்வு கிட்டத்தட்டச் சுவர் என்று அந்த வேலை காட்டியது. அதே சுவர்தான் பிறகு மருந்து ஏற்ற வந்தவர்களுக்குத் தடையாகவும் நின்றது, கருவியாகவும் ஆனது.

பாங்காமின் முறைதான் இன்றும் எல்லா ஆய்வகத்திலும் முதலில் கற்றுத்தரப்படுவது. கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்து, ரோட்டரி எவாப்பரேட்டரில் சுழற்றி, குடுவையின் சுவரில் மெல்லிய படலமாக்கி, மருந்து கரைந்த நீரை ஊற்றி ஊறவைப்பது. இங்கே வெப்பநிலையில் சமரசம் கூடாது. டிபிபிசி என்ற பாஸ்போலிப்பிட் 41 டிகிரி செல்சியஸிலும், டிஎஸ்பிசி 55 டிகிரியிலும்தான் இறுக்கமான நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும். அதற்குக் கீழே ஊறவைத்தால் படலம் செதில் செதிலாகப் பெயரும், கூடு சரியாக மூடாது. ஊறவைத்துக் கிடைப்பது வெங்காயம் போல் பல அடுக்குக் கூடு, உள்ளடுக்குகளில் மருந்து சரியாகச் சேர்ந்திருக்காது. உறையவைத்து, இளகவைத்து, மறுபடி உறையவைத்தால் அடுக்குகள் உடைந்து மூடி, உள்ளும் வெளியும் சமமாகும். அதன்பின் நுண்துளை பாலிகார்பனேட் சவ்வு வழியாக அழுத்தத்தில் தள்ளினால் 100 நானோமீட்டர் அளவில் ஒரே சீராக வந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகும் அந்த 2 சதவீதக் கணக்கு அசைவதில்லை.

இதிலிருந்து வெளியே வரும் வழி, மூடிய கூட்டுக்குள் மருந்தைத் தானாகவே வரவழைப்பது.

1972இல் டேவிட் டீமரும் சக ஆய்வாளர்களும், சவ்வின் இரு பக்கமும் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) வேறுபட்டிருந்தால் அமீன்கள் என்ற காரத் தன்மையுள்ள மூலக்கூறுகள் அமிலப் பக்கமாகக் குவிகின்றன என்று காட்டினார்கள். காரணம் எளிமையானது, எனக்கு இன்னும் அழகாகவே தெரிகிறது. வலுக்குறைந்த காரமான ஒரு மருந்து இரண்டு வடிவில் இருக்கும். மின்னூட்டம் இல்லாத வடிவம் சவ்வைக் கடக்கும், புரோட்டானைப் பிடித்து மின்னூட்டம் பெற்ற வடிவம் கடக்காது. வெளியே பிஎச் 7.5, உள்ளே 4 என்று வைத்தால், மின்னூட்டமில்லாத சிறு பங்கு உள்ளே நுழைகிறது, நுழைந்ததும் புரோட்டானைப் பிடித்துக்கொள்கிறது, திரும்ப முடியாமல் நிற்கிறது. மடக்கிய குடை சன்னல் கம்பிகளுக்கு நடுவே உள்ளே போகும், உள்ளே விரித்துவிட்டால் அதே வழியில் வெளியே வராது. பிஎச் வேறுபாடு ஒரு அலகு கூடினால், கோட்பாட்டளவில் உள்ளே குவியும் செறிவு பத்து மடங்கு கூடும். மூன்று அலகுக்கு ஆயிரம் மடங்கு.

1980களின் நடுவில் கனடாவில் பீட்டர் கல்லிஸின் குழு இதை டாக்சோரூபிசினுக்குச் செய்தது. உள்ளே சிட்ரிக் அமிலம், வெளியே நடுநிலை. பின்னாளில் ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்ற மையோசெட் என்ற மருந்து இந்த வழியில்தான் தயாராகிறது. மருந்தும் வெற்று லிப்போசோமும் பிஎச்சை நிலைநிறுத்தும் பஃபர் கரைசலும் தனித்தனிக் குப்பிகளில் மருத்துவமனைக்கு வரும். மருந்தகர் அங்கேயே சூடுபடுத்திக் கலந்து மருந்தை ஏற்றிவிடுவார். நோயாளிக்குச் சற்று முன்புதான் மருந்து கூட்டுக்குள் போகிறது, ஆகவே மாதக்கணக்கில் அலமாரியில் கசியும் பிரச்சினையே எழாது.

ஜெருசலேமில் யெச்செஸ்கெல் பாரென்ஹோல்ஸும் அல்பெர்ட்டோ கபிசோனும் வேறு வழியில் வந்தார்கள். அவர்களுடைய முதல் தலைமுறைத் தயாரிப்பில் டாக்சோரூபிசின் சவ்வோடு சேர்ந்து இருந்தது. அது மருத்துவச் சோதனை வரை போனது. ஆனால் இரத்தத்தில் நீர்த்துப் போனதும் மருந்து கசிந்தது, கூடுகள் கல்லீரலில் போய்ச் சேர்ந்தன. அந்தத் தோல்வியை அவர்கள் வெளிப்படையாக எழுதிவைத்திருப்பதற்காக இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் நன்றி சொல்ல வேண்டும். அங்கிருந்துதான் அமோனியம் சல்பேட் முறை பிறந்தது.

கூட்டை 250 மில்லிமோலார் அமோனியம் சல்பேட் கரைசலில் உருவாக்குகிறார்கள். பிறகு வெளியே இருக்கும் அமோனியம் சல்பேட்டை நீக்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் அமோனியம் அயனி ஒரு புரோட்டானைப் பின்னால் விட்டுவிட்டு அமோனியாவாக வெளியே பறக்கிறது, அமோனியாவுக்குச் சவ்வு தடையே அல்ல. புரோட்டான்கள் உள்ளே சேர்கின்றன. இரண்டு எதிர்மின் சுமையுள்ள சல்பேட் எங்கும் போக முடியாது. இப்போது வெளியே டாக்சோரூபிசினை வைத்துச் சவ்வின் இளகும் வெப்பநிலைக்கு மேல் சூடாக்கினால், அது உள்ளே போய் புரோட்டானைப் பிடித்து, சல்பேட்டோடு சேர்ந்து வீழ்படிவாகிறது. கரைந்திருக்கும் மருந்துதான் வெளியேற முடியும். படிகமாகிவிட்டதற்கு அந்த வாய்ப்புக்கூடக் குறைவு. குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கூட்டுக்கு உள்ளும் ஒரு கோல் போன்ற படிகம், சில கூடுகள் அதன் நீளத்துக்கு ஏற்ப நீண்டே போயிருக்கும். முதன்முதலில் அந்தப் படத்தைப் பார்த்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தத் தயாரிப்புதான் டாக்சில். 1995 நவம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் தந்தது. ஒரு மில்லிலிட்டரில் 2 மில்லிகிராம் டாக்சோரூபிசின், ஏறத்தாழ 16 மில்லிகிராம் கொழுப்பு. முன்பு போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். இந்த அளவு கொழுப்புக்குள் அடைபடும் நீர் மொத்தத்தில் 3 சதவீதம் அளவுதான். அதற்குள் 2 மில்லிகிராமையும் அடைக்க வேண்டுமென்றால் உள்ளே ஒரு மில்லிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் செறிவு வேண்டும். டாக்சோரூபிசின் ஹைட்ரோகுளோரைடு நீரில் அந்த அளவுக்குக் கரையவே கரையாது. ஊறவைக்கும் முறையில் இந்த மருந்து சாத்தியமே இல்லை. படிகமாக்கியதால் மட்டுமே ஒரு கூட்டில் பத்தாயிரத்துக்கு மேல் மூலக்கூறுகள் அடங்கின.

இதனால் உடலுக்குள் என்ன மாறியது? வழக்கமான டாக்சோரூபிசினின் பரவல் கன அளவு (இரத்தத்தில் தெரியும் செறிவை வைத்து, மருந்து எவ்வளவு கன அளவில் பரவியிருக்கிறது என்று கணக்கிடும் எண்), உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 700 முதல் 1,100 லிட்டர். அதாவது இரத்தத்தில் எதுவும் நிற்பதில்லை, எல்லாத் திசுவிலும் போய் ஒளிந்துகொள்கிறது. டாக்சிலில் அது 3 லிட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட இரத்த ஓட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அரை ஆயுள் சுமார் 55 மணி நேரம். கூட்டின் மேல் போர்த்திய பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகள் கல்லீரலின் கண்ணிலிருந்து அதை மறைக்கின்றன. அது தனிக் கதை. ஆனால் மருந்து உள்ளே பிடித்து நிற்காவிட்டால் அந்த மறைப்பால் ஒரு பயனும் இல்லை. இதயத்துக்கு வரும் கேடு குறைந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் சிவந்து உரிகிற புதுத் தொல்லை வந்தது, நெடுநேரம் சுற்றும் கூடுகள் அங்கேயும் போய்ச் சேர்கின்றன.

பிறகு வந்தவர்கள் சல்பேட்டுக்குப் பதில் என்ன வைக்கலாம் என்று யோசித்தார்கள். 2015இல் ஒப்புதல் பெற்ற ஆனிவைட்டில், ஒரே மூலக்கூறில் எட்டு எதிர்மின் சுமைகள் உள்ள சுக்ரோஸ் ஆக்டாசல்பேட் உள்ளே இருக்கிறது. அது இரினோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்தை இறுகப் பிடிக்கிறது. உள்ளே அமிலத் தன்மை இருப்பதால் அந்த மருந்தின் செயல்படும் வளைய வடிவமும் சிதையாமல் இருக்கிறது. வலுக்குறைந்த அமில மருந்துகளுக்கு இதே தந்திரம் தலைகீழாக வேலை செய்யும். உள்ளே கால்சியம் அசிடேட் வைத்தால் அசிட்டிக் அமிலம் புரோட்டானோடு வெளியேற, உள்ளே காரத் தன்மை கூடி அமில மருந்து அங்கே குவியும்.

இனி, இந்தத் தந்திரங்கள் எதற்கும் மசியாத மூலக்கூறுகள். அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக் பல அமீன்களைக் கொண்டது, நம் உடலின் பிஎச்சில் மின்னூட்டமில்லாத நேரமே அதற்கு இல்லை. சைட்டராபின் என்ற புற்றுநோய் மருந்து போதுமான வலுவுள்ள காரம் அல்ல. பெப்டைடுகள், புரதங்கள் இருக்கின்றன. நீரில் கரையும் மருந்துகளிலேயே உண்மையான சவால் இவைதான் என்பது என் எண்ணம். டாக்சிலின் வெற்றியைப் பார்த்துவிட்டு எல்லா மருந்தையும் அதே வழியில் ஏற்றப் போகிறவர்கள் இங்கே வந்து முட்டிக்கொள்கிறார்கள். மருந்தின் பிகேஏ (எந்த பிஎச்சில் அதன் மூலக்கூறுகளில் பாதி மின்னூட்டம் பெற்றிருக்கும் என்ற எண்) என்ன, மின்னூட்டமில்லாத வடிவம் சவ்வை உண்மையிலேயே கடக்குமா என்று தாளில் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

இவற்றுக்கு மறுபடி நீரைப் பிடிக்கும் வழிதான், ஆனால் கூர்மையாக. 1978இல் ஷோக்காவும் பாப்பாஹஜோபொலஸும் சொன்ன முறையில், மருந்து கரைந்த நீரை ஈதரில் குழம்பாக்கி, ஈதரை மெல்ல நீக்கினால், குழம்பின் நீர்த்துளிகளைச் சுற்றியே கூடு கட்டிக்கொள்கிறது, பாதிக்கு மேல் நீரை உள்ளே பிடிக்க முடிகிறது. கரைப்பான் படக் கூடாத புரதத்துக்கு இது ஆகாது. அதற்குக் கிர்பியும் கிரெகோரியாடிஸும் 1984இல் தந்த வழி இருக்கிறது. வெற்றுக் கூடுகளை மருந்தோடு கலந்து உறைநிலையில் உலர்த்தி, மிகக் குறைந்த நீரை விட்டு மறுபடி ஊறவைப்பது. நீர் குறைவாக இருக்கும்போது கொழுப்பின் செறிவு தானாகவே ஏறிவிடுகிறது, முதலில் போட்ட கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது.

அமிக்காசினுக்குக் கிடைத்த தீர்வு 2018இல் ஒப்புதல் பெற்ற அரிகேஸ். டிபிபிசியும் கொலஸ்ட்ராலும் கலந்த எத்தனால் கரைசலையும் செறிந்த மருந்துக் கரைசலையும் ஓடும்போதே மோதவிட்டுக் கலக்கிறார்கள். கூடு உருவாகும் அந்தக் கணத்தில் மருந்து செறிந்த பகுதிகளையே அது சூழ்ந்துகொள்கிறது. சுமார் 300 நானோமீட்டர் அளவு. நுரையீரலுக்கு மூச்சோடு இழுக்கும் மருந்து என்பதால் பெரிய கூடு இங்கே குறை ஆகவில்லை. ஒரு மருந்தை எந்த வழியில் தரப் போகிறோம் என்பதே ஏற்றும் முறையைத் திறந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

2017இல் வந்த வைக்சியோஸ் இரண்டு உலகத்தையும் ஒரே கூட்டில் சேர்த்தது. சைட்டராபினைக் கூடு உருவாகும்போதே பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளே காப்பர் குளுக்கோனேட் இருக்கிறது. பிறகு டானோரூபிசின் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தை வெளியே வைத்துச் சூடாக்கினால் அது உள்ளே போய்த் தாமிரத்தோடு பிணைகிறது. இரண்டு மருந்தும் 5க்கு 1 என்ற மோலார் விகிதத்தில் இரத்தத்திலும் நிலைத்து நிற்கின்றன. தனித்தனியாக ஊசி போட்டால் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் கழிந்துபோக, அந்த விகிதம் சீக்கிரமே குலைந்திருக்கும். அதிக அபாயமுள்ள தீவிர மைலாய்டு லுக்கேமியா கொண்ட முதியோரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், வாழ்நாளின் இடைநிலை 5.95 மாதத்திலிருந்து 9.56 மாதமாகக் கூடியது. அதே இரண்டு மருந்துகள்தான். தனித்தனியாகப் போவதற்கும் ஒரே கூட்டில் போவதற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவு.

ஏற்றுவதைப் பற்றி இத்தனை எழுதிவிட்டு இறக்குவதைச் சொல்லாமல் விட முடியாது. எஸ்பிஐ-77 என்ற பெயரில் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தை, டாக்சில் போலவே மறைப்புப் போர்வை கொண்ட கூட்டுக்குள் வைத்துச் சோதித்தார்கள். கூடு நெடுநேரம் இரத்தத்தில் சுற்றியது. பக்கவிளைவு குறைந்தது. கட்டியும் சுருங்கவில்லை. மருந்து உள்ளேயே இருந்துவிட்டது. ஏற்றும் ஆய்வில் கசிவு இல்லை என்று மகிழ்வோடு எழுதும் வரியை இந்த மருந்து எனக்கு எப்போதும் நினைவூட்டுகிறது. எந்த விசை உள்ளே பிடித்து வைத்திருக்கிறதோ அந்த விசை, போய்ச் சேர்ந்த இடத்தில் தளர ஒரு காரணம் வேண்டும். சிஸ்பிளாட்டினுக்கு அப்படி எதுவும் அமைக்கப்படவில்லை.

டாக்சிலுக்கு அந்தக் காரணம் என்ன என்பது ஒப்புதலுக்குப் பிறகும் நெடுநாள் விவாதத்தில் இருந்தது. பாரென்ஹோல்ஸின் குழு பின்னாளில் முன்வைத்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. புற்றுக்கட்டியின் செல்கள் குளுட்டமினை வேகமாகச் சிதைத்து அமோனியாவை வெளியிடுகின்றன. அந்த அமோனியா கூட்டுக்குள் நுழைந்து புரோட்டான்களைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளிருந்த பிஎச் வேறுபாடு சரிந்து, படிகம் கரைந்து, டாக்சோரூபிசின் மின்னூட்டத்தை இழந்து வெளியே வருகிறது. அமோனியா வெளியேறியதால் உள்ளே போன மருந்து, அமோனியா திரும்பி வரும்போது வெளியேறுகிறது. ஆகவே அமோனியம் சல்பேட் முறையில் ஏற்றிய எந்த மருந்துக்கும், கசிவைச் சோதிக்கும் ஊடகமாக வெறும் உப்புக் கரைசலை மட்டும் வைத்து நிறுத்திக்கொள்ள நான் மாணவர்களை அனுமதிப்பதில்லை. அமோனியம் உப்பு சேர்த்த இன்னொரு குப்பியும் பக்கத்திலேயே, அதே 37 டிகிரியில் இருக்க வேண்டும். இரண்டு வளைகோடுகளையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன்.